துடுப்பு பிடித்த முருகன்

புதிதாக இந்தப் படம் வாங்கும் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பூதக்கண்ணாடியோடுதான் வருகிறீர்கள். கல்லில் வரைந்து அச்செடுத்த அசல் கல்லச்சுக்கும் நகலுக்கும் என்ன வித்தியாசம், ஓரத்திலிருக்கும் பென்சில் கையெழுத்து உண்மையா போலியா, எந்தக் காகிதம் எந்தக் காலத்தது என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விகள்தான். அதற்கெல்லாம் இப்போது புத்தகங்கள் இருக்கின்றன. என்னை விட அவற்றுக்கு ஞாபகசக்தி அதிகம். நான் சொல்ல நினைப்பது வேறு விஷயம். கைக்கு வந்த அபூர்வமான படம் கையை விட்டுப் போய்விட்டது, அதை எதிர்பார்த்து ஒருவர் ரயிலேறி வந்துகொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் உங்கள் புத்தி எங்கே இருக்க வேண்டும்? எனக்கு அது ஓர் ஆடிக் கிருத்திகையின்போது தெரியவந்தது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. திருத்தணியில் மலைப்படி தொடங்கும் தெருவில் என் அக்காவின் வீட்டுக்காரர் சாமி படக் கடை வைத்திருந்தார். அவரைப் பாவா என்று கூப்பிடுவேன். அச்சடித்த முருகன் படங்களை வாங்கி, ஓரத்தை வெட்டி, அட்டையில் பசை போட்டு ஒட்டி, மினுங்கும் சமிக்கி வைத்து, சட்டம் போட்டு விற்பார். ஓய்ந்த நேரத்தில் கடைகளுக்குப் பெயர்ப் பலகையும் எழுதுவார். நல்ல மனுஷர். வாய் மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

என்னை இந்தத் தொழிலில் இழுத்துவிட்டவர் புதுச்சேரிக்கார டாக்டர் ஒருவர். பாரிஸில் படித்தவர். தன் அம்மாவின் வேண்டுதலுக்காக மலைக்கு வந்தவர் கடைக்குள் மழைக்கு ஒதுங்கினார். பேச்சுவாக்கில் பிரெஞ்சு தேசத்துப் புதிய ஓவியர்களைப் பற்றிச் சொன்னார். அவர்கள் கல்லின் மேலேயே நேராக வரைவார்களாம். கொஞ்சம் பிரதிகள் மட்டும் எடுத்து ஒவ்வொன்றிலும் பென்சிலால் கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்லைத் தேய்த்து அழித்துவிடுவார்களாம். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஊரைக் காலி செய்யும் துரைமார் வீடுகளில் நுழைந்து பார்ப்பதும், அப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் டாக்டருக்குத் தகவல் சொல்வதும் என் வேலையாயிற்று. வாங்குவது அவர்தான். நான் வெறுமனே பார்த்துச் சொல்கிறவன். எனக்கோ வாங்குகிறவனாக ஆக வேண்டும் என்று ஆசை. வெளியே சொல்லக் கூச்சப்பட்ட ஆசை.

கடலோர மனிதர்களை வைத்து ஒரே ஓவியர் செய்த ஆறு படங்களில் ஐந்து டாக்டரிடம் இருந்தன. ஆறாவதை வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். "அதை மட்டும் நீ பிடித்துக் கொடுத்துவிட்டால், இனி ஏலத்தில் படம் வாங்க உன்னையே அனுப்புகிறேன்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தார், எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

கிடைத்தது. அரக்கோணம் ரயில்வே காலனியில், ஓர் எஞ்சின் டிரைவரின் பிரெஞ்சுக்கார மனைவி மறுநாளே கப்பலுக்குக் கிளம்புவதாக இருந்தாள். அவளுடைய பெட்டியின் அடியில், உடுப்புகளுக்குக் கீழே, ஆறாவது படம். படகோட்டும் பையன் ஒருவன் துடுப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காலடியில் ஒரு சேவல். மொத்தமே பத்துப் பதினைந்து கோடுகள்தான், நீலமும் கறுப்பும். சேவலின் கொண்டையில் மட்டும் சிவப்பு. பையன் நம்மைப் பார்க்கவில்லை, சேவலைப் பார்த்துச் சிரிக்கிறான். டாக்டருக்குச் சொல்லி அனுப்ப அவகாசம் இல்லாததால் நானே வாங்கிவிட்டு, அவருக்குத் தந்தி அடித்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது.

அதுவரை படத்தைத் தூசியிலிருந்தும் கரப்பானிடமிருந்தும் காப்பாற்ற வேண்டுமே. பாவாவிடம் சட்டம் போடச் சொன்னேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துல யாரோ கிறுக்கி வெச்சிகீறான். வெட்டிட்டா சுத்தமா இருக்கும், மச்சான்."

"அதை வெட்டினா என்னை வெட்டின மாதிரி, பாவா. வெட்டவும் கூடாது, பசையும் கூடாது. கண்ணாடி காகிதத்துல பட்டுடக் கூடாது. நடுவுல அட்டையெக் குடுத்து எடம் வுடு."

"சாமி படத்துக்கே நான் இம்மாம் மரியாத பண்ணதில்ல" என்று முனகியபடியே, உலகச் சண்டைக்கு முன்பு வாங்கி ஒளித்து வைத்திருந்த பெல்ஜியம் கண்ணாடியை எடுத்தார். தேக்குச் சட்டம் போட்டார். மனுஷர் செய்தால் ஒழுங்காகச் செய்வார். கடையின் உள்சுவரில் மாட்டினோம்.

கிருத்திகை அன்று, அரக்கோணத்தில் இன்னொரு வீட்டில் படங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். போனால் எல்லாம் பிஸ்கட் கம்பெனி காலண்டர். காவடிக் கூட்டத்தில் நசுங்கி மாலையில் திரும்பி வந்தேன். கடை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. உள்சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"பாவா, அங்க இருந்த படம்?"

"முருகர்தானே? வித்துட்டேன்."

"எந்த முருகர்?"

"அதான், வேலும் சேவலுமா இருந்தாரே."

என் ஆறாவது படம்தான். பாவா சாவகாசமாக விவரம் சொன்னார். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காவடி இறக்கிவிட்டு வருகிறவர் வந்து சாமி படம் கேட்டால், எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்ல மாட்டார். தன் கடையில் தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடுப்பார். அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்த நெசவாளியும் அவர் மனைவியும் உள்சுவரைக் கைகாட்டி, "அதோ கீறாரே" என்றார்களாம்.

"காவடி எடுத்தவன் சாமியெ கைகாட்டிக் கேக்குறான். இல்லன்னு சொல்ல எனுக்கு நாக்கு வருமா, மச்சான்? நானும் அப்பத்தான் நல்லா பாத்தேன். அப்புடியே முருகர்!"

"அது படகுக்காரப் பையன், பாவா!"

"அப்போ சேவல் இன்னாத்துக்கு?"

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று எழுதினால் அக்கா பிள்ளைகள் படித்துவிடுவார்கள். கடைசியில் பாவாவுக்கும் விஷயத்தின் கனம் புரிந்தது. முகம் வாடிவிட்டது. வாங்கியவர்கள் பொதட்டூர்பேட்டைக்காரர்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. பொதட்டூர்பேட்டையில் போய் நெசவாளி வீடு எது என்று கேட்பது, மலையில் போய்ப் படி எது என்று கேட்கிற மாதிரி.

மறுநாள் காலை இருவரும், பெட்ரோலுக்குப் பதில் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினோம். ஏறியது பாதி வழி, இறங்கித் தள்ளியது பாதி வழி. தேடிச் சோர்ந்துபோவோம் என்று பயந்திருந்தேன், அந்தச் சிரமமே வரவில்லை. இறங்கிய இடத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே கேட்டார்: "நீங்களும் நூல் குடுத்த முருகரெப் பாக்க வந்தீங்களா? மூணாவது தெரு, தறி ஓடுற வூடு."

அந்தச் சமயத்தில் நூலுக்குக் கடும் பஞ்சம். கட்டுப்பாடு, பங்கீடு என்று வருவது பாதி, வராதது பாதி. தெருத் தெருவாகத் தறிகள் சும்மா கிடந்தன. அந்த ஒரு வீட்டிலிருந்துதான் சத்தம் வந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். உள்ளே என் ஆறாவது படம், மாலையும் சந்தனமும் குங்குமமுமாக, ஊதுபத்திப் புகைக்கு நடுவே கொலுவிருந்தது. பையன் அப்போதும் சேவலைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் முனுசாமி. அவர் மனைவி ராஜம்மா. எங்களைக் கண்டதும் மோர் கொடுத்தார்கள். பாவாவைப் பார்த்து ராஜம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நாலு மாதமாகத் தறி நின்று, பாத்திரம் பண்டமெல்லாம் போய், கடைசியாகத்தான் காவடி எடுத்திருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி படத்தை மாட்டி விளக்கேற்ற, அன்று விடியலிலேயே நூல் சிப்பம் வந்து இறங்கியிருக்கிறது. மோரைக் கீழே வைத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். தவறுதலாக விற்றுவிட்டோம், வேறொருவருக்குச் சேர வேண்டிய படம், பதிலுக்கு இருப்பதிலேயே பெரிய முருகன் படமாக வாங்கித் தருகிறோம் என்றேன். தறிச் சத்தம் நின்றது.

"நைனா, நாலு மாசமா தறி செத்துக் கெடந்துச்சி" என்றார் ராஜம்மா. "இவரு வந்து உக்காந்தாரு, நூலு வந்துச்சி. இப்போ தூக்கினு போறேன்னு சொல்றியே, உனுக்கே நல்லாருக்கா? இவரு போயி, நூலும் நின்னுச்சின்னா?"

அவசரத்தில் உண்மையைப் போட்டு உடைத்தேன். "அக்கா, இது முருகனே இல்ல. பிரெஞ்சு தேசத்துல படகு ஓட்டுற பையன். கையில இருக்கிறது வேல் இல்ல, துடுப்பு."

அவர் எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். "ஆங், துடுப்புதான்" என்றார். "வேலுக்கு ஏன் இவ்ளோ அகலமா இலைன்னு நானும் பாத்துகினே இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முனுசாமி அதற்கும் ஒருபடி மேலே போனார். "கடல் தாண்டி வந்துகீறாரு, நைனா. துடுப்பு இல்லாம எப்புடி வருவாரு?"

வாசலில் நின்ற கூட்டம் "அதானே" என்றது. இப்போது முருகன் பிரெஞ்சு தேசத்திலிருந்து தானே படகு வலித்து வந்தவர் ஆகிவிட்டார். என் வாயாலேயே நான் படத்தின் மகிமையைக் கூட்டிவிட்டேன்.

பாவா என்னை ஓரமாக இழுத்தார். "அந்நிய தேசத்துப் படம், வூட்ல வெச்சா ஆவாதுன்னு சொல்லிடலாமா? தானா குடுத்துடுவாங்க."

கொடுத்திருப்பார்கள்தான். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், பிள்ளைகளே. எனக்கு அந்தப் படம் வேண்டும். படம் போனால் டாக்டரின் நம்பிக்கை போகும், அதோடு நான் கனவு கண்ட வேலையும் போகும். ஒரு பொய் போதும், படம் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பொய்யோடு நான் பஸ் ஏறிய பிறகு அந்த அம்மாள் என்ன செய்வார்? நூல் அறுந்தால் பயம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பயம் என்று காலம் முழுக்க நடுங்குவார். பயத்தைக் காட்டி வாங்குவது நம் தொழிலில் மிகச் சுலபம். அப்படி வாங்குகிறவர்களை நீங்களும் பார்ப்பீர்கள், நன்றாகவே சம்பாதிப்பார்கள். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. "வேணாம் பாவா" என்றேன். ராஜம்மாவுக்கு வேண்டியது என்ன, அதைக் கெடுக்காமல் நமக்கு வேண்டியதை எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். அவருக்கு அந்தக் காகிதம் வேண்டியதில்லை. சாமி வீட்டை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் பொறி தட்டியது. கோயிலில் திருப்பணி நடக்கும்போது என்ன செய்கிறார்கள்? மூலவரின் சக்தியைக் கலசத்து நீருக்கு மாற்றி, அங்கிருந்து ஒரு பலகைப் படத்துக்கு ஏற்றிப் பாலாலயம் செய்கிறார்கள். வேலை முடியும்வரை சாமி அதில்தான் இருக்கிறார். கோயிலுக்கு ஆகும் காரியம் வீட்டுக்கு ஆகாதா?

"அக்கா, சாமியெ எங்கேயும் அனுப்ப வேணாம். இதே வூட்ல வேற படத்துக்கு மாத்தி உக்கார வெச்சிடலாம். பாலாலயம் மாதிரி."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருக்கோடி முருகன் கோயில் பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "செய்யலாம். தப்பில்ல. ஆனா சாமி எறங்கின பழைய படத்தெ வெளிய தரக் கூடாது. கொளத்துல வுட்டுடணும்."

குளத்தில்! ஆயிரக்கணக்கான கடல் மைல் தாண்டி வந்த காகிதம், திருத்தணிச் சீமைக் குளத்தில் கூழாகப் போவதா? பாவா பெருமூச்சு விட்டார். நான் பூசாரியின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். சந்தனம், குங்குமம், மாலை, தீபத்தின் கரி எல்லாம் கண்ணாடியிலும் சட்டத்திலும்தான் இருந்தன. உள்ளே அட்டை கொடுத்து இடம் விட்டிருந்தோம். கண்ணாடி காகிதத்தைத் தொடவே இல்லை.

"சாமி, பொட்டு வெச்சது எதுல?" என்றேன்.

"கண்ணாடில."

"மாலை போட்டது?"

"சட்டத்துல."

"அப்போ பூஜை வாங்கிக்கினது கண்ணாடியும் சட்டமும்தானே? உள்ள இருக்கிற காகிதத்தெ யாரும் தொடவேயில்லையே."

பூசாரி அருகில் போய், சாய்த்துப் பார்த்து, இடைவெளி இருப்பதை உறுதி செய்துகொண்டார். முகத்தில் சிரிப்பு வந்தது. "நல்லா கேட்டே, நைனா. சரி. கண்ணாடியும் சட்டமும் கொளத்துக்குப் போவட்டும்."

"அது பெல்ஜியம் கண்ணாடிங்க!" என்று அலறினார் பாவா. யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

அந்த ஊர்க் கடைகளிலிருந்து நல்ல நல்ல முருகன் படங்களாக வரவழைத்துக் காட்டினோம். ராஜம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. "இவங்கெல்லாம் நம்மளையே பாத்துகினு கீறாங்க. எங்க சாமி சேவலெ பாத்துகினு சிரிக்கணும்" என்றார். சாமி மாறும்போது முகம் மாறக் கூடாது என்பது அவர் கட்சி. வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பாவா தன் பெயர்ப்பலகைச் சாயங்களோடும் ஒரு தகரத்தோடும் வந்து, அந்த வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் தெரு முழுக்கத் திரண்டு வந்து யோசனை சொல்லியது. வியர்க்க வியர்க்க வரைந்தார். எழுத்து எழுதிப் பழகிய கை, ஆனாலும் பையனின் சிரிப்பு எப்படியோ வந்துவிட்டது. சேவல் அசலை விடக் கொழுப்பாக இருந்தது. கடைசியில் பழக்கதோஷத்தில் கையில் அழகான ஒரு வேலாயுதத்தைப் போட்டு, தூக்கிக் காட்டினார்.

ராஜம்மா பார்த்தார். "இது யாரு?"

"முருகருதாம்மா."

"எங்க முருகரு வேல் புடிக்கல, துடுப்பு புடிச்சிகினு கீறாரு. ஒன் மச்சான்தானே சொன்னாரு!"

பாவா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மண்ணெண்ணெய்த் துணியால் வேலாயுதத்தைத் துடைத்துவிட்டுத் துடுப்பை வரைந்தார். அதன் பிறகுதான் கலசம் வைத்தார்கள். பூசாரி மந்திரம் சொல்லி, பழைய படத்திலிருந்து கலசத்துக்கும் கலசத்திலிருந்து தகரத்துக்கும் சாமியை மாற்றினார். முனுசாமி உடனே தறியில் போய் உட்கார்ந்து, ஊடு நூல் வைத்த நாடாவை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். நூல் அறுந்துபோகவில்லை. ராஜம்மா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது. சட்டத்தின் பின்பக்க ஆணிகளை நானே பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. தேக்குச் சட்டமும் பெல்ஜியம் கண்ணாடியும் மேளத்தோடு குளத்துக்குப் போயின, பின்னாலேயே பாவா துக்க வீட்டுக்காரர் மாதிரி நடந்து போனார்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். கடையில் நின்றபடியே படத்தைக் கையில் வாங்கினார். முதலில் ஓரத்துக் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு பையனை. "இதை ஏன் சட்டமில்லாமல் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். துடுப்பு வரை வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண் பளபளத்தது. அந்தப் பளபளப்பை எனக்குத் தெரியும். அபூர்வமான ஒன்று எங்கோ இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எங்களைப் போன்றவர்களுக்கு வருவது.

"தம்பி, அந்தத் தகரப் படம். உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது. ஆறு படங்களோடு ஏழாவதாக அதை மாட்ட வேண்டும். எப்படியாவது வாங்கிக் கொடு."

பாவா என் காலை மிதித்தார். சம்மதி என்று அர்த்தம். அந்தத் தகரத்தைக் கேட்கிறவர் என் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவர் என்று எனக்கும் தெரியும்.

"டாக்டர், வேற எது கேட்டாலும் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து தர்றேன். அது மட்டும் வேண்டாம். அதுல சாமி இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். கோபமா, ஏமாற்றமா, ஒன்றும் புரியவில்லை. படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பொறுமையாகக் கட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். போச்சு என்று நினைத்தேன். தெருவில் நின்று திரும்பினார்.

"பெங்களூரில் அடுத்த வாரம் ஒரு பெரிய வீடு காலியாகிறது. பிரெஞ்சுப் படங்கள் நிறைய இருக்கின்றனவாம். நீ போய், எதை வாங்கலாம் எதை வாங்கக் கூடாது என்று பார்த்து வாங்கி வா. நான் வரவில்லை."